திருகோணமலையில் முன்பள்ளி வளர்ச்சி ஸ்கிரீனிங் ஆலோசகர் வேலை: ஏற்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

நீங்கள் கேட்டது இதுதான். பல வருடம் முன்பள்ளியில் படிப்பித்திருக்கிறீர்கள், டிப்ளோமாவும் கையில் இருக்கிறது. திருகோணமலை மாவட்டத்து முன்பள்ளிகளுக்குப் போய், பிள்ளைகளின் வளர்ச்சியை ஸ்கிரீனிங் செய்ய ஆசிரியைகளுக்குத் துணை நிற்கும் ஆலோசகராக ஒரு தொண்டு நிறுவனம் உங்களைக் கூப்பிடுகிறது. வேலை எப்படி இருக்கும், எதைப் படித்துக்கொண்டு போவது, ஏற்கலாமா, சம்பளம் எப்படிப் பேசுவது என்று கேட்டிருந்தீர்கள்.

ஏற்கலாம். ஆனால் நேர்முகத்தில் அவர்கள் உங்களைக் கேட்பதற்கு முன் நீங்கள் அவர்களை ஒன்று கேளுங்கள். ஒரு பிள்ளையின் வளர்ச்சியில் சந்தேகம் என்று வந்தால், அந்தப் பிள்ளை அடுத்ததாக எங்கே போகும், யார் கூட்டிப்போவார்? இதற்கு அவர்களிடம் பதில் இல்லாவிட்டால், சேர்ந்த பிறகு முதல் வேலையாக நீங்களே அந்தப் பதிலைத் தேட வேண்டியிருக்கும். படிவத்தைத் தூக்கிக்கொண்டு முன்பள்ளிக்குள் நுழைவது அதற்குப் பிறகுதான். "உங்கட பிள்ளையில ஏதோ குறை இருக்கு போல" என்று ஒரு தாயிடம் சொல்லிவிட்டு, போக ஒரு வழியும் காட்டாமல் வந்துவிட்டால், சொல்லாமல் விட்டதைவிட அது மோசம். அந்தத் தாய் அடுத்த தடவை முன்பள்ளிப் பக்கமே பிள்ளையை அனுப்பமாட்டார்.

ஸ்கிரீனிங் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை முதலில் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். அது நோயைக் கண்டுபிடிக்காது. இன்னும் ஒருவர் நன்றாகப் பார்க்க வேண்டிய பிள்ளைகள் யார் என்று மட்டும் சொல்லும். ஒரு கணக்கைப் பார்த்தால் விளங்கும். 100 பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களில் 15 பேருக்கு உண்மையில் ஏதோ ஒரு தாமதம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தாமதம் உள்ளவர்களில் 80 வீதத்தினரைப் பிடித்து, தாமதம் இல்லாதவர்களில் 80 வீதத்தினரைச் சரியாக விட்டுவிடும் கருவி ஒன்று உங்களிடம் இருக்கிறது. இது மோசமான கருவி இல்லை. அது 15 பேரில் 12 பேரைப் பிடிக்கும், 3 பேரைத் தவறவிடும். மற்ற 85 பேரில் 17 பேரையும் சேர்த்துக் குறித்துவிடும். ஆக, குறிக்கப்பட்ட 29 பேரில் 12 பேருக்குத்தான் உண்மையான தாமதம். இதை விளங்கிக்கொண்டவர் தாயிடம் "உங்கட மகனுக்குப் பிரச்சினை" என்று ஒருபோதும் சொல்லமாட்டார். தேறிய பிள்ளையின் தாயிடம் "ஒன்றுமில்லை, பயப்படாதீங்க" என்று அடித்துச் சொல்லவும் மாட்டார். அந்த 3 பேர் அங்கேதான் இருக்கிறார்கள்.

கருவிகளில் நீங்கள் அதிகம் சந்திக்கப்போவது ஏ.எஸ்.கியூ (ASQ). பெற்றோர் நிரப்பும் கேள்வித்தாள் அது. 1 மாதம் முதல் 66 மாதம் வரை 21 தாள்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து பகுதிகள் உண்டு: பேச்சுத் தொடர்பு, பெரிய அசைவுகள், விரல் வேலை, சிக்கலை அவிழ்க்கும் திறன், தன் வேலையைப் பார்ப்பதும் மற்றவர்களோடு பழகுவதும். பகுதிக்கு ஆறு கேள்வி. "ஆம்" என்றால் 10, "சிலவேளை" என்றால் 5, "இன்னும் இல்லை" என்றால் 0. இது காப்புரிமை உள்ளது, நினைத்தபடி போட்டோகொப்பி அடித்து ஊரெல்லாம் கொடுக்க முடியாது. நிறுவனம் அனுமதி வாங்கியிருக்கிறதா என்று கேளுங்கள். எம்-சாட் (M-CHAT) 16 முதல் 30 மாதம் வரையான பிள்ளைகளுக்கு ஓட்டிசம் சந்தேகத்தைப் பார்க்கும் 20 கேள்விகள். திருவனந்தபுரத்துச் சிறுவர் வளர்ச்சி நிலையம் உருவாக்கிய 17 அம்ச அட்டை ஒன்றும் உண்டு, பிறப்பிலிருந்து இரண்டு வயது வரைக்கும். நம்மைப் போன்ற வீடுகளைப் பார்த்துச் செய்தது என்பதால் எனக்கு அதில் தனி விருப்பம். ஆனால் முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு அது போதாது. மூன்றையும் மேலோட்டமாகத் தெரிந்து வைப்பதைவிட ஒன்றை அடி நுனி தெரிந்து வைப்பது நல்லது.

எம்-சாட்டில் பலர் பாதியிலேயே நின்றுவிடுகிறார்கள். சந்தேகம் தரும் பதில்கள் மொத்தம் 3 முதல் 7 வந்தால் உடனே வைத்தியரிடம் அனுப்பிவிடக் கூடாது. பிழைத்த கேள்விகளை மட்டும் எடுத்து, தாயுடன் இருந்து விரிவாகக் கேட்கும் இரண்டாம் கட்டம் ஒன்று இருக்கிறது. 8 அல்லது அதற்கு மேல் வந்தால்தான் நேரே அனுப்பலாம். 2014 இல் வெளியான அமெரிக்க ஆய்வில், இரண்டு கட்டத்துக்குப் பிறகும் சந்தேகம் நீடித்த பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கே ஓட்டிசம் உறுதியானது. ஆனால் ஓட்டிசமோ வேறு ஏதாவது வளர்ச்சிச் சிக்கலோ இருந்தவர்கள் ஏறத்தாழ 95 வீதம். அதாவது அனுப்பியது பெரும்பாலும் வீண்போகவில்லை.

ஆனால் அமெரிக்காவில் வேலை செய்தது இங்கே அப்படியே வேலை செய்யும் என்று நம்பிவிடாதீர்கள். பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் குழுவினரும் இலங்கையின் ஒரு பகுதியில் 18 முதல் 24 மாதப் பிள்ளைகளைப் பார்த்து 2009 இல் வெளியிட்ட ஆய்வை அவசியம் வாசியுங்கள். 93 பேருக்கு ஒருவர் என்ற வீதத்தில் ஓட்டிசம் இருந்தது. சிங்களத்தில் மொழிபெயர்த்த எம்-சாட் பிடித்ததோ ஓட்டிசம் இருந்த பிள்ளைகளில் நாலில் ஒரு பங்கைத்தான். சிறிய ஆய்வுதான், ஆனாலும் யோசிக்க வைக்கும். கேள்வியைக் காகிதத்தில் வாசித்துக் கேட்கும்போது நம் தாய்மார் "ஓம், செய்வான்" என்று சொல்லிவிடுகிறார்கள். பிள்ளையை விட்டுக்கொடுக்க மனம் வருவதில்லை. பின்னர் அந்தக் குழு படங்களைக் காட்டிக் கேட்கும் முறை ஒன்றை உருவாக்கியது. நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது: "செய்வானா?" என்று கேட்காதீர்கள். "கடைசியா எப்ப செய்தவன்? எப்படிச் செய்தவன்? காட்டுங்க பாப்பம்" என்று கேளுங்கள்.

கேள்விகளைப் பிள்ளையின் வீட்டுக்குக் கொண்டுவருவது தனி வேலை. "படியில் ஏறுகிறாளா" என்று தாளில் இருக்கும். வெருகலிலோ ஈச்சிலம்பற்றிலோ படியே இல்லாத வீட்டில் வளரும் பிள்ளை அதற்கு என்ன செய்யும்? முள்ளுக்கரண்டியால் சாப்பிடுகிறாளா என்றால், சோறு பிசைந்து தானே வாயில் வைக்கிறாளா என்று பாருங்கள். கேட்கப்படும் திறமை அதுதான். கிண்ணியாவிலும் மூதூரிலும் முஸ்லிம் வீடுகளில் "அம்மா, அப்பா சொல்கிறானா" என்று கேட்டால், "இல்லை" என்று வரும். அவன் "உம்மா, வாப்பா" என்று நாள் முழுதும் கூப்பிட்டுக்கொண்டிருப்பான். இப்படிச் சின்னச் சின்ன இடங்களில்தான் புள்ளிகள் கொட்டுண்டு போகின்றன. ஆனால் உதாரணத்தை மாற்றலாம், எதைப் பார்க்கிறோம் என்பதை மாற்றக் கூடாது. தாய் நிலாவைக் காட்டிச் சோறு தீத்தும்போது பிள்ளை தாயின் விரலைப் பார்க்கிறதா, விரல் காட்டும் திசையைப் பார்க்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். மற்றவர் காட்டுவதைச் சேர்ந்து பார்க்கும் திறனைப் பற்றிப் புத்தகம் பக்கம் பக்கமாக எழுதுவதை அந்த ஒரு கேள்வி பிடித்துவிடும்.

மொழியில் இன்னொரு குழப்பம். திருகோணமலையில் வீட்டில் தமிழ், பக்கத்து வீட்டில் சிங்களம், முன்பள்ளியில் இங்கிலிஷ் என்று வளரும் பிள்ளைகள் நிறையப் பேர். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு பிந்தாது. எல்லா மொழியிலும் தெரிந்த சொற்களைக் கூட்டித்தான் கணக்கெடுக்க வேண்டும். "இங்கிலிஷ் நேர்சரியில விட்டதாலதான் கதைக்கிறானில்லை" என்று காரணம் சொல்லி ஒரு வருடத்தை வீணாக்கிய குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

வயதைக் கணக்கிடுவதிலும் கவனம். மூன்று வாரமோ அதற்கு மேலோ முந்திப் பிறந்த பிள்ளைக்கு, இரண்டு வயது வரை அந்த வாரங்களைக் கழித்துத்தான் தாளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எட்டு வாரம் முந்திப் பிறந்து இப்போது 18 மாதம் என்றால், ஏறத்தாழ 16 மாதத் தாள். கிளினிக் புத்தகத்தில் பிறந்த விபரம் இருக்கும், தாயின் நினைவை மட்டும் நம்பவேண்டாம்.

எது பிந்துவது, எது பிந்தியும் சரியானது என்ற அளவு உங்கள் மனதில் இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2006 ஆய்வின்படி, நலமாக வளரும் பிள்ளைகள் தனியே நடக்கத் தொடங்கும் வயது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை விரிகிறது. ஆகவே 13 மாதத்தில் நடக்கவில்லை என்று அழும் தாயை ஆற்றலாம். 18 மாதம் தாண்டியும் நடக்காவிட்டால் காத்திருக்கக் கூடாது. அதே ஆய்வில் 4 வீதத்துக்குக் கொஞ்சம் மேலான பிள்ளைகள் கையையும் முழங்காலையும் ஊன்றித் தவழவே இல்லை. பேச்சில், 12 மாதத்தில் மழலை ஒலி இல்லை, சுட்டிக்காட்டுவதோ கையசைப்பதோ இல்லை, 16 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை, 24 மாதத்தில் தானாக இரண்டு சொல்லைச் சேர்க்கவில்லை என்றால் தாள் என்ன சொன்னாலும் அனுப்புங்கள். எந்த வயதிலும், வந்த பேச்சோ பழக்கமோ திரும்பப் போய்விட்டால் அன்றைக்கே அனுப்புங்கள்.

இதற்கு எதிராக நிற்பது "ஆம்பிளைப் பிள்ளை பிந்தித்தான் கதைக்கும், தகப்பனும் அப்படித்தான்" என்ற வசனம். பாட்டிமார் சொல்வார்கள், சிலவேளை படித்தவர்களும் சொல்வார்கள். வசம்பை உரசி நாக்கில் தடவச் சொல்வார்கள், கோணேசருக்கு நேர்த்தி வைப்பார்கள். நேர்த்தியோடு சண்டை பிடிக்காதீர்கள், அது யாரையும் தடுக்கவில்லை. "நேர்த்தியையும் வையுங்க, காதையும் ஒருக்காச் சோதிச்சுப் பார்ப்பம்" என்றால் வேலை நடக்கும். வசம்பைப் பிள்ளைக்கு உள்ளே கொடுப்பதை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள்.

காதைச் சொன்னேன். பேச்சுப் பிந்திய எந்தப் பிள்ளைக்கும் முதலில் கேள்திறன் சோதனை. கதவு அடிக்கும் சத்தத்துக்குத் திரும்புகிறான் என்பதால் காது கேட்கிறது என்று ஆகாது. உரத்த சத்தம் கேட்டு, பேச்சின் மெல்லிய ஒலிகள் கேட்காமல் போகலாம். அடிக்கடி காதில் சீழ் வரும் பிள்ளை என்றால் சந்தேகம் இன்னும் கூடும்.

பெற்றோரோடு கதைப்பதுதான் இந்த வேலையின் நடு. படிவம் கால் மணித்தியாலத்தில் முடிந்துவிடும். இந்தக் கதை முடிய ஒரு மணித்தியாலம் போகலாம், மூன்று தடவை போகவேண்டியும் வரலாம். பிள்ளையை எடுக்க வரும் நேரத்தில் வாசலில் நின்று, மற்றத் தாய்மார் பார்க்க, ஒரு சொல்லும் சொல்லக் கூடாது. இருக்க இடம் வேண்டும், கதவு வேண்டும். பெயர் வைக்காதீர்கள். ஓட்டிசம் என்ற சொல் வைத்தியர் சொல்லவேண்டியது, உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது. கண்டதைச் சொல்லுங்கள். "தங்கச்சி, தம்பி நல்லா ஓடுறான், பாட்டுப் போட்டா கை தட்டுறான். பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பிப் பார்க்கிறதுதான் குறைவா இருக்கு. வீட்டில எப்படி?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அநேகமான தாய்மாருக்கு ஏற்கெனவே தெரியும். யாராவது கேட்கமாட்டார்களா என்று இருந்திருப்பார்கள். மாமி என்ன சொல்வா, தகப்பனுக்கு எப்படிச் சொல்வது என்ற பயம்தான் அவர்களைக் கட்டி வைத்திருக்கும். அதனால் அடுத்த தடவை மாமியையும் கூப்பிடுங்கள். முடிவெடுப்பவர் இல்லாத இடத்தில் எவ்வளவு அழகாக விளக்கினாலும் பிள்ளை கிளினிக்குக்குப் போகாது.

சில வீடுகளில் தாய் வெளிநாட்டில் வேலைக்குப் போயிருப்பார். கையொப்பம் தகப்பனுடையது, ஆனால் பிள்ளையைத் தெரிந்தவர் அம்மம்மா. அவரிடம்தான் கேள்விகளைக் கேட்க வேண்டும். தாயோடு ஒரு வாட்ஸ்அப் அழைப்பு எடுத்துச் சொல்லவும் மறக்காதீர்கள், இல்லாவிட்டால் "எனக்குத் தெரியாமல் என் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்" என்று ஒரு சண்டை வரும். அது நியாயமான சண்டை.

ஆசிரியைகள் விஷயத்தில் உங்கள் அனுபவம் கைகொடுக்கும். அவர்களுக்குப் பயிற்சி என்று ஒரு நாள் முழுக்க ஸ்லைட் காட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வகுப்பில் பக்கத்தில் இருந்து, ஒரே பிள்ளையை இருவரும் பார்த்து எழுதி, பிறகு ஒப்பிடுங்கள். "குழப்படி" என்று எழுதியிருப்பார். குழப்படி என்றால் என்ன செய்தான்? கதை நேரத்தில் எழும்பிப் போனானா, மற்றப் பிள்ளையைத் தள்ளினானா, சத்தம் கூடும்போது காதைப் பொத்தினானா? இந்த மூன்றும் மூன்று வேறு பிள்ளைகள். ஆசிரியை இப்படி எழுதப் பழகிவிட்டால் வைத்தியருக்கு அந்தக் குறிப்பு எந்தத் தாளையும்விடப் பெறுமதியானது. அப்புறம் ஒன்று, ஸ்கிரீனிங் பரீட்சையாக மாறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று வயதில் ஏடு தொடக்கி நாலு வயதில் அ முதல் ஃ வரை எழுதினால்தான் நல்ல முன்பள்ளி என்று நினைக்கும் ஊர் இது. "எத்தனை மார்க்ஸ்?" என்று கேட்பார்கள். முதல் நாள் இரவு கட்டை அடுக்கப் பழக்கிவிட்டு அனுப்பும் தாய்மாரும் உண்டு. மொத்தப் புள்ளியை வீட்டுக்குச் சொல்லாமல், பிள்ளை செய்வதையும் அடுத்து செய்யப் பழக்க வேண்டியதையும் மட்டும் சொல்லுங்கள்.

இனிப் போகும் வழி. முதல் கதவு அந்தப் பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தர். ஊரில் மிட்வைஃப் என்றுதான் சொல்வார்கள். பிள்ளை வயிற்றில் இருந்த நாள் தொட்டு அந்த வீட்டைத் தெரிந்தவர் அவர்தான். கிளினிக் புத்தகத்தில் வளர்ச்சிக்கென்றே பக்கங்கள் இருக்கின்றன. தடுப்பூசிப் பக்கம் நிறைந்திருக்கும், இது பல புத்தகங்களில் வெறுமையாகக் கிடக்கும். அவர்மேல் குறை சொல்வதில் அர்த்தமில்லை, ஒருவர் பார்க்கும் வீடுகள் எத்தனை என்று போய்ப் பாருங்கள். உங்கள் கண்டறிதலை அந்தப் பக்கத்தோடு சேர்த்து வைத்தால் அவருக்கு நீங்கள் உதவி. தனியாக உங்கள் நிறுவனப் படிவத்தில் வைத்தால் இன்னொரு சுமை. அவரிடமிருந்து சுகாதார வைத்திய அதிகாரி, அங்கிருந்து மாவட்டப் பொது வைத்தியசாலையில் பிள்ளை நல வைத்திய நிபுணர். கேள்திறன், பேச்சுப் பயிற்சி, உடற்பயிற்சிச் சிகிச்சை எல்லாம் எந்த நாளில், எந்த அறையில் என்று நேரில் போய்க் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மாதத்துக்கொரு தடவை சரிபார்க்கவும் வேண்டும். பிரதேச செயலகத்தில் முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தி உத்தியோகத்தரையும் சமூக சேவை உத்தியோகத்தரையும் முதல் வாரத்திலேயே சந்தியுங்கள். சேருவில, கந்தளாய், கோமரங்கடவல பக்கம் போவதாயின் சிங்களம் கதைக்கத் தெரிந்திருக்க வேண்டும். கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. என்ன கண்டீர்கள், எந்த வயதில், எந்தக் கருவி, காது பார்த்தாயிற்றா. அவ்வளவுதான் வைத்தியருக்குத் தேவை.

கடிதம் கொடுத்தால் பிள்ளை போய்விடும் என்று நினைக்காதீர்கள். கிண்ணியாப் பாலம் 2009 இல் திறந்த பிறகு பட்டினத்துக்கு வருவது எவ்வளவோ சுலபம். ஆனால் புல்மோட்டையிலிருந்தும் வெருகலிலிருந்தும் வருவதென்றால் ஒரு நாள் கூலி போகும், மற்றப் பிள்ளையை யாரிடமாவது விட வேண்டும். வாடைக்காற்று மழையில், கார்த்திகை மார்கழியில், சில வீதிகள் வெள்ளத்தில் கிடக்கும். கடல் சீசனோடு வாடி (மீனவர் தங்கும் குடில்) மாறும் குடும்பம் அடுத்த தவணைக்கு இந்த ஊரிலேயே இருக்காது. நோன்பு மாதத்தில் கிண்ணியாவில் நீண்ட நேர்காணல் வைக்காதீர்கள். இவை எல்லாவற்றையும் நாட்காட்டியில் குறித்து வைத்துத்தான் தவணை கேட்க வேண்டும். அனுப்பிய பிள்ளைகளின் பதிவேட்டில் "அனுப்பியது" என்ற நிரல் மட்டும் இருந்தால் போதாது. "போனது", "என்ன சொன்னார்கள்", "அடுத்த தவணை" என்ற மூன்று நிரலும் வேண்டும்.

தவணை கிடைக்கும் வரை வீட்டில் செய்யக் கொடுக்கவும் ஏதாவது கையில் வைத்திருங்கள். தொலைபேசியை எடுத்து வைக்கச் சொல்வது முதலாவது. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டு முதல் நாலு வயது வரை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019 இல் சொன்னது. சக்கரம் வைத்த வாக்கருக்குள் பிள்ளையை இருத்தி வைப்பதையும் நிறுத்தச் சொல்லுங்கள். அது நடக்கப் பழக்காது, விழுத்தும். கனடாவில் 2004 முதல் அதை விற்கவே தடை. பிள்ளை நின்றுகொண்டு தள்ளும் பழைய நடைவண்டி வேறு, அது இருக்கட்டும்.

இரகசியம் பற்றி ஒரு சொல். திருகோணமலை சின்ன ஊர், எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம். ஆசிரியைகள் நிரப்பிய தாளைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடும் பழக்கத்தை முதல் நாளே நிறுத்துங்கள். பிள்ளைக்கு ஒரு இலக்கம், பெயர்ப் பட்டியல் பூட்டிய அலுமாரியில். நிறுவனம் அறிக்கைக்குப் பிள்ளையின் முகப்படம் கேட்டால் மறுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, ஒப்பந்தத்தில் அதை எழுதிக் கேளுங்கள்.

சம்பளத்தைப் பேசும்போது மாதத் தொகையைவிடப் பயணச் செலவைக் கவனியுங்கள். புல்மோட்டைக்கும் வெருகலுக்கும் பஸ்ஸில் போய்த் திரும்பும் ஆலோசகர் ஒரு நாளில் ஒரு முன்பள்ளியைத்தான் பார்க்க முடியும். "நாளுக்கு மூன்று" என்று அவர்கள் இலக்கு வைத்திருந்தால் வாகனத்தையும் அவர்கள்தான் தர வேண்டும். இலக்கை எப்படி எண்ணுகிறார்கள் என்றும் கேளுங்கள். ஸ்கிரீன் செய்த பிள்ளைகளின் தொகையை மட்டும் எண்ணினால், இரண்டாம் தடவை வீட்டுக்குப் போகும் நாளுக்குச் சம்பளம் இல்லாமல் போகும். கிளினிக்குக்குப் போய்ச் சேர்ந்த பிள்ளைகளையும் எண்ணச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், பலர் ஒத்துக்கொள்வார்கள். திட்டம் முடியும் நாளில் அந்தப் பதிவேடு யாரிடம் போகும் என்பதையும் கையொப்பமிடும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போவதுதான் சரி. நிறுவனத்தின் கொழும்பு அலுவலகத்துக்குப் போகும் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.